நீக்கும் பொத்தானை எங்களுக்கும் திறந்துவிடுங்கள்

பெருநிறுவன விவகாரத் துறை அமைச்சகம், இந்தியப் போட்டி ஆணையம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றில் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

விண்டோஸ் 11 ஓடும் கணினிகளில், விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் சிஸ்டம்32 கோப்புறைக்குள், ‘இன்டகிரேட்டட் சர்வீசஸ் ரீஜியன் பாலிசி செட்’ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்து அனுப்பும் எட்ஜ் உலாவியை (இணையதளங்களைப் பார்க்க உதவும் ஆப்) நீக்க முடியுமா என்பதற்கு அதில் ஒரு குறிப்பு உண்டு. பொதுவான பதில் ‘முடியாது’. அதற்குக் கீழே, எந்தெந்த நாடுகளில் முடியும் என்று இரண்டெழுத்துக் குறியீடுகளாக ஒரு பட்டியல். ஆஸ்திரியா இருக்கிறது, பெல்ஜியம் இருக்கிறது, ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து எல்லாம் இருக்கின்றன. ஐந்தரை லட்சம் பேர் வாழும் மால்டாவும் இருக்கிறது. இந்தியா இல்லை.

இதன் பொருளை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நீக்கும் வசதியை எழுதி முடித்தாயிற்று. சோதித்தும் பார்த்தாயிற்று. நம் ஊரில் விற்கும் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. செட்டப் நேரத்தில் எந்த நாடு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் ஐரோப்பியர்களுக்கு மட்டும் மனமிரங்கி இதைக் கொடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் கொடுக்க வைத்தது. அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இயங்குதளத்தில் (விண்டோஸ் போல, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) உள்ள ஆப்களைப் பயனர் எளிதாக நீக்க வழி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. இயங்குதளம் இயங்கவே தேவையான, தனியாகப் பிரித்துத் தர முடியாத பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம். 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. 2024 மார்ச்சுக்குள் பொத்தான் திறந்துவிட்டது. 2025 ஜூனில், ஆப் விற்கும் ஸ்டோரையே கூட அங்கே நீக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள்.

இந்துமாக் கடலில் ரீயூனியன் தீவு இருக்கிறது. நம் மண்ணிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களின் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் இடம். அது பிரான்ஸின் பகுதி என்பதால் இந்தச் சட்டம் அங்கே செல்லும். அங்கிருக்கும் ஒருவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை, கும்பகோணத்தில் முழு விலை கொடுத்து வாங்கும் ஒருவருக்கு ஏன் இல்லை? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்திடம் கேட்டால், “உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையே” என்பார்கள். அது உண்மையும் கூட.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் வாங்கியவர்கள் பெட்டியோடு நேராகக் கடைக்கு வருவது எங்கள் தொழிலில் வழக்கம். “கொஞ்சம் செட் பண்ணிக் கொடுங்க” என்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நிறுத்தப்பட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷின்கள் பல விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று தள்ளப்பட்டதால், நகையை அடகு வைத்தாவது பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கும் குடும்பங்கள் இப்போது அதிகம். அவர்களுடைய மெஷின்களைத்தான் நான் திறந்து பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புது லேப்டாப்பை முதல் முறை ஆன் செய்தால் என்ன இருக்கும் என்று உங்களில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள் என்று தெரியாது. அலுவலக மெஷின்களை ஐடி பிரிவு துடைத்துத்தான் உங்கள் மேஜைக்கு அனுப்பும். எங்களிடம் வருவது துடைக்காத மெஷின். ஸ்டார்ட் மெனுவில் யாரும் கேட்காத விளையாட்டு, வீடியோ, சமூக வலைதள ஆப்கள் வரிசையாக நிற்கும். சில உண்மையில் உள்ளே இருக்காது; சும்மா ஒரு படம். தெரியாமல் தொட்டால் அந்த நொடியே இறங்க ஆரம்பிக்கும். தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு ‘உதவியாளர்’, ஒரு ‘வரவேற்பு’, ஒரு ‘சலுகைகள்’ ஆப் வைத்திருப்பார். ஆபிஸ் மென்பொருளின் மாதிரிப் பதிப்பு ஒன்று இருக்கும், அது ஒரு மாதம் கழித்துப் பணம் கேட்கும். அப்புறம் ஆண்டிவைரஸ்.

இந்த ஆண்டிவைரஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பறிபோவது ஏழை எளியவர்களின் பணம். விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் இலவசமாகவே வருகிறது. வேறொரு ஆண்டிவைரஸ் ஏறி உட்கார்ந்துவிட்டால் டிஃபெண்டர் தன் நேரடிக் கண்காணிப்பை நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடும். அதாவது தயாரிப்பாளர் யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு மாதிரிப் பதிப்பை வைத்து விற்கும்போது, வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைத்த பாதுகாப்பு அணைக்கப்பட்டு, இலவசத் தவணைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும் ஒன்று அந்த இடத்தில் வந்து நிற்கிறது. தவணை முடிந்ததும் சிவப்பு எழுத்தில், “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது” என்று திரையின் ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும். மூடினால் திரும்ப வரும்.

ஓய்வு பெற்ற ஒரு பள்ளித் தலைமையாசிரியை எனக்குப் பல வருடப் பழக்கம். மகன் வெளிநாட்டில் இருக்கிறார், அவரோடு பேசவும் பென்ஷன் வேலைகளுக்கும்தான் லேப்டாப். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து, யாரோ தன் பேங்க் கணக்குக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று பயந்து, அந்த இடத்திலேயே கார்டு எண்ணைப் போட்டு ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டார். அடுத்த வருடம் தானாகவே மறுபடி பணம் எடுக்கப்பட்டது. அப்போதுதான் கடைக்கு வந்தார். “சார், நான் எப்ப இதை வாங்கினேன்னே எனக்குத் தெரியலை” என்றார். அந்த ஆண்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்தேன். போகும்போது கூட அது, “நிஜமாகவே பாதுகாப்பில்லாமல் இருக்க விரும்புகிறீர்களா” என்ற பொருளில் கேட்டுவிட்டுத்தான் போனது. எடுத்த உடனே டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. டீச்சர் கட்டிய பணம் முழுக்க, கையில் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்காகக் கட்டியது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் இருப்பவர்களே, 2023 நவம்பர் 30 அன்று நீங்கள் அறிவித்த வழிகாட்டுதல்களில், நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டீர்கள். பொய்யான அவசரம் காட்டுவது அதில் இருக்கிறது. வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது இருக்கிறது. ஓயாமல் நச்சரிப்பது, சந்தாவில் சிக்க வைப்பது எல்லாம் இருக்கின்றன. நல்ல பட்டியல். படித்தபோது எங்கள் கடைக்கு வரும் மெஷின்களைப் பார்த்தே எழுதினார்களோ என்று தோன்றியது. ஆனால் அந்தப் பட்டியல் லேப்டாப் பெட்டிக்குள் இன்னும் நுழையவில்லை.

இன்னொரு வகைத் தொல்லை, கோப்புகளை இணையத்தில் கொண்டுபோய் வைக்கும் கிளவுட் சேமிப்பு ஆப்கள். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு கல்லூரி மாணவி, முதுகலை புராஜெக்ட் செய்துகொண்டிருந்தவர், டெஸ்க்டாப்பில் வைத்த கோப்புகள் திறக்கவில்லை என்று அழுதுகொண்டே வந்தார். செட்டப் நேரத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கியபோது, டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் கிளவுடில் சேர்த்துவிட அந்த ஆப்புக்கு அனுமதி போயிருக்கிறது. இலவச இடம் நிரம்பியதும் ஒத்திசைவு நின்றுவிட்டது. சில கோப்புகளின் முழுப் பிரதி இணையத்தில், மெஷினில் வெறும் பெயர். ஊரில் அன்று நெட் இல்லை. கோப்புகளை மீட்டுக் கொடுத்தோம், சரி. ஆனால் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலைக்கு ஒரு மாணவியைத் தள்ளியது அவர் தேடிப் போய்ப் போட்ட மென்பொருள் இல்லை. மெஷினோடு வந்தது.

டேட்டா பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் பிராட்பேண்ட் கிடையாது. மொபைல் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற கணக்கில் ரீசார்ஜ் செய்திருப்பார்கள். லேப்டாப்பை இணைத்தவுடன், தான் ஒருநாளும் திறக்காத ஆப்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஆன்லைன் வகுப்புக்கு உட்காரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். விலை குறைந்த மெஷின்களில் சேமிப்பிடமும் சின்னது, நினைவகமும் குறைவு. ஆன் செய்ததும் தாமாக எழுந்துகொள்ளும் ஆப்கள் அதையும் பங்குபோட்டுக்கொள்ளும். அதிக விலை மெஷின் வாங்கியவருக்கு இது எரிச்சலோடு போகும். குறைந்த விலையில் வாங்கியவருக்கு மெஷினே வேலைக்கு ஆகாமல் போகிறது.

‘வேண்டாததை நீக்கிக்கொள்ளலாமே’ என்று கேட்பீர்கள். சிலவற்றை முடியும். செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் போய்விடும் ஆப்கள் உண்டு, அந்த எண்ணிக்கை முன்னைவிடக் கூடியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி நீக்குவது பெரும்பாலும் அந்த ஒரு பயனர் கணக்கிலிருந்து மட்டும்தான். இயங்குதளத்துக்குள் ஒரு மூலப்பிரதி தங்கியிருக்கும். அப்பா தன் கணக்கில் நீக்கியிருப்பார். மகளுக்குத் தனிக் கணக்கு திறந்தால் அங்கே எல்லாம் புதிதாக வந்து நிற்கும். அந்த மூலப்பிரதியையும் எடுக்க வேண்டுமானால் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியை அட்மின் உரிமையோடு திறந்து கட்டளைகள் எழுத வேண்டும். சிலவற்றுக்கு அதுவும் செல்லாது. அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கிப்போய் அமுக்க முடியாமல் நிற்கும்.

இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து ஆரம்பிக்கிறது. நேர்வழி இல்லாதபோது மக்கள் குறுக்குவழியைத் தேடுவார்கள். யூடியூபில் ஒருவர், “இந்த ஒரு வரியை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுங்க, எல்லாக் குப்பையும் போயிடும்” என்பார். அந்த ஒரு வரி, எங்கோ இருக்கும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, இறக்கி, மெஷினின் முழு அதிகாரத்தோடு ஓட்டும். அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்களில் நல்ல மனதோடு எழுதப்பட்டவையும் இருக்கின்றன, அவற்றின் நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டு நானும் பயன்படுத்துகிறேன். படிக்கத் தெரியாத பையன் எதை ஓட்டுகிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர் திறக்காமல், தேடல் வேலை செய்யாமல், அப்டேட் அடியோடு நின்றுபோய் வரும் மெஷின்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாதுகாப்புக்காகத்தான் சில ஆப்களைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பவர்கள், அந்தப் பூட்டு மக்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரேயடியாக பார்மேட் செய்து, சுத்தமான விண்டோஸை மறுபடி போடுவது நாங்கள் செய்யும் வழி. லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் மக்கள் அதற்குக் கூலி கொடுக்கிறார்கள். பெட்டி பிரித்த அன்றே, தான் கேட்காத ஒன்றை எடுத்துப் போட எனக்குக் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசு எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன், அதை வாங்க எனக்கு மனசு வருவதில்லை. மெஷினுக்குள்ளேயே இருக்கும் ‘ரீசெட்’ வசதியைப் பயன்படுத்தினால் தயாரிப்பாளர் வைத்த ஆப்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும். பார்மேட்டையும் தாண்டி வந்த கதை உண்டு. ஃபர்ம்வேரிலிருந்தே, அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளிலிருந்தே, ஒரு நிரலை விண்டோஸுக்குள் செலுத்தும் வசதி இருக்கிறது. அதை வைத்து, சுத்தமாக நிறுவிய விண்டோஸிலும் தன் மென்பொருளை லேப்டாப் தயாரிக்கும் லெனோவோ நிறுவனம் ஏற்றியது 2015 ஆகஸ்டில் வெளியே வந்தது. பிறகு அதை நீக்கும் ஃபர்ம்வேர் கொடுத்தார்கள்.

அதே வருடம் பிப்ரவரியில் வெளிவந்த சூப்பர்ஃபிஷ் விவகாரம் இதைவிட மோசம். 2014-இலிருந்து விற்ற சில மாடல்களில், பயனர் பார்க்கும் வலைப்பக்கங்களில் விளம்பரம் செருகும் மென்பொருள் ஒன்றை லெனோவோ முன்கூட்டியே நிறுவியிருந்தது. பேங்க் போன்ற பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் அது புகுந்தது. அதற்காக எல்லா மெஷின்களிலும் ஒரே திறவுகோல் கொண்ட ஒரு பாதுகாப்புச் சான்றிதழை வைத்திருந்ததால், அந்தத் திறவுகோலைக் கண்டுபிடித்த எவரும் போலி பேங்க் தளத்தை உண்மையானது போலக் காட்ட முடிந்தது. ஆய்வாளர்கள் அதை உடனே கண்டுபிடித்தும் காட்டினார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் 32 மாநிலங்களும் நடவடிக்கை எடுத்து, 2017 செப்டம்பரில் 35 லட்சம் டாலர் சமரசத்தில் அது முடிந்தது. முன்கூட்டியே நிறுவும் மென்பொருள் வெறும் தொந்தரவு என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நீக்கும் வசதி தொழில்நுட்ப ரீதியாக முடியாதது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், இது பழைய வாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 95-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நீக்கும் வழி கன்ட்ரோல் பேனலில் இருந்தது. விண்டோஸ் 98-இல் அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க அரசு 1998 மே மாதம் தொடுத்த வழக்கில், உலாவியும் இயங்குதளமும் பிரிக்க முடியாதவை என்று மைக்ரோசாஃப்ட் வாதாடியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், உலாவியை நீக்கும் ஒரு நிரலை எழுதி நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் வேறு சில பகுதிகளைத் தள்ளியது. ஆனால் நீக்கும் பட்டியலிலிருந்து உலாவியை எடுத்துவிட்டது போட்டியை நசுக்கும் செயல் என்பதை உறுதி செய்தது. ஒரு பொத்தானை மறைப்பது சட்டமீறல் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்று ஐரோப்பாவின் 30 நாடுகளில் அதே நிறுவனம் தன் உலாவியை நீக்க அனுமதிக்கிறது, அங்கே விண்டோஸ் இடிந்து விழவில்லை.

ஐரோப்பாவுக்கு மட்டுமா, பெரிய நிறுவனங்களுக்கும் கதவு திறக்கிறது. விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பில், முன்கூட்டியே வரும் ஸ்டோர் ஆப்களைத் தேர்ந்தெடுத்து நீக்க, நிர்வாகி ஒரே இடத்தில் அமைத்துவிடும் ஒரு கொள்கை அமைப்பு வந்திருக்கிறது. வேண்டாதவற்றுக்கு டிக் போட்டால் போதும். ஆனால் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டும். வீட்டுக்கு வாங்கும் ஹோம் பதிப்பில் கிடையாது. ஐடி துறையே வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சுலபமான வழி, யாருடைய துணையும் இல்லாத மாணவருக்குப் பவர்ஷெல். இன்னொன்றும் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் 365 ஆப்கள் உள்ள விண்டோஸ் மெஷின்களில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு ஆப்பைத் தானாகவே நிறுவப் போவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் அதோடு சேர்ந்த மூன்று நாடுகளும்) மட்டும் அது பொருந்தாது என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். சட்டம் இருக்கும் இடத்தில் எவ்வளவு கவனமாக நடந்துகொள்கிறார்கள் பாருங்கள்.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை உங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2022 அக்டோபர் 20 அன்று போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் முன்நிறுவிய ஆப்களைப் பயனர் நீக்குவதை கூகுள் தடுக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒரு கட்டளை. அன்று நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். போனுக்கு வந்தது கணினிக்கும் வரும் என்று நம்பினேன். 2023 மார்ச் 29 அன்று தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. அந்த நான்கில் ஒன்று, ஆப்களை நீக்கும் உரிமை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு வழியாக இதைத் தீர்க்க முயன்றால் வருடங்கள் ஓடிவிடும் என்பது உங்களுக்கே புரிந்துதான் 2023 பிப்ரவரியில் ஒரு குழு அமைத்தீர்கள். 2024 மார்ச் 12 அன்று டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. அதில் இயங்குதளமும் உலாவியும் முக்கிய டிஜிட்டல் சேவைகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்றோடு ஒன்றைக் கட்டி விற்பது பற்றியும், பயனர் தன் விருப்பப்படி தேர்வை மாற்றிக்கொள்வது பற்றியும் பிரிவுகள் இருந்தன. அதோடு சரி. வரைவு இன்னும் சட்டமாகவில்லை. சிறு இந்திய நிறுவனங்கள் பாதிக்கப்படுமோ என்ற கவலை சிலருக்கு இருப்பது எனக்குப் புரிகிறது, அது நியாயமான விவாதமும் கூட. ஆனால் கணினி இயங்குதளத்தில் ஆப் நீக்கும் உரிமையால் பாதிக்கப்படப் போகும் இந்திய ஸ்டார்ட்அப் எது? அந்த ஒரு பிரிவை மற்ற சண்டைகளோடு சேர்த்துக் கிடப்பில் போடுவதற்குக் காரணமே இல்லை.

நீக்க முடியாத ஆப் என்றால் மக்கள் எப்படி உணர்வார்கள் என்பதை 2025 நவம்பர் கடைசியில் அரசே நேரில் பார்த்தது. எல்லா ஸ்மார்ட்போன்களிலும் தொலைந்த போனை முடக்கவும் மோசடியைப் புகார் செய்யவும் உதவும் அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3 அன்று உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அரசு அப்படிச் செய்தது சரியான செயல் என்று நினைக்கிறேன். நல்ல நோக்கத்தோடு அரசு கொடுத்த ஆப்பையே கட்டாயமாக்கக் கூடாது என்றால், விளம்பரத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் வைக்கும் ஆப்பை மட்டும் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்?

“இந்த ஆப்களால்தான் லேப்டாப் விலை குறைகிறது” என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். குறையலாம். எவ்வளவு குறைகிறது என்று பெட்டியில் எழுதட்டும், ஆப்கள் இல்லாத அதே மெஷினை அந்த வித்தியாசத்தோடு விற்கட்டும். எது வேண்டுமென்று வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். “விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நானே வீட்டில் லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன். ஆனால் டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கும், விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் உள்ள கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையத்துக்கும் அதை எப்படிச் சொல்வது?

இப்போது கேட்பதற்கு வருகிறேன்.

பெருநிறுவன விவகார அமைச்சகத்துக்கு: டிஜிட்டல் போட்டி மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். இயங்குதளத்தோடு வரும் எந்த ஆப்பையும், இயங்குதளம் இயங்கவே தேவையானவை நீங்கலாக, செட்டிங்ஸிலிருந்தே எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து நீக்க முடிய வேண்டும். ஒரு முறை நீக்கியது அப்டேட் மூலமாகவோ ரீசெட் மூலமாகவோ பயனரைக் கேட்காமல் திரும்ப வரக் கூடாது. இதைப் பின்னால் வரப்போகும் விதிமுறைகளுக்கு விட்டுவிடாமல், சட்டத்தின் வாசகத்திலேயே எழுதுங்கள். எந்த ஆப் ‘தேவையானது’ என்பதை நிறுவனம் தானே அறிவித்துக்கொள்ள விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதைப் பொதுவில் வையுங்கள். முழு மசோதாவுக்கு நாளாகும் என்றால் இந்தப் பிரிவை மட்டுமாவது தனியாகக் கொண்டு வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டி ஆணையத்துக்கு: ஐரோப்பாவில் திறந்திருக்கும் நீக்கும் வசதிகளை இந்தியாவில் மட்டும் அணைத்து வைத்திருப்பதன் காரணத்தை மைக்ரோசாஃப்டிடம் அதிகாரபூர்வமாகக் கேளுங்கள். புகார் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, தாமாகவே விசாரணை எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. ஹோம் பதிப்பு வாங்குபவர்களுக்கு ஏன் எண்டர்பிரைஸ் பதிப்பில் உள்ள வசதி இல்லை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு: உங்கள் 2023 வழிகாட்டுதல்கள் லேப்டாப்பில் முன்நிறுவிய மாதிரி மென்பொருளுக்கும் பொருந்தும் என்று தெளிவாக அறிவியுங்கள். தவணை முடிந்த ஆண்டிவைரஸ் பணம் கேட்கும் அதே திரையில், விண்டோஸில் இலவசப் பாதுகாப்பு இருக்கிறது என்பதையும், ஒரே சொடுக்கில் நீக்கும் வழியையும் காட்டச் செய்யுங்கள். பெட்டியின் வெளியே, என்னென்ன ஆப்கள் உள்ளே இருக்கின்றன, எவை எத்தனை நாள் கழித்துப் பணம் கேட்கும், முதல் முறை ஆன் செய்யும்போது எத்தனை ஜிபி காலியாக இருக்கும் என்று அச்சடிக்க வையுங்கள். முதல் செட்டப் திரையில் ‘கூடுதல் ஆப்கள் எதுவும் வேண்டாம்’ என்ற தேர்வு, மற்றதற்குச் சமமான அளவில், தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று அலுவலகங்களுக்கும் சேர்த்து: அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம் வழியாக அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வாங்கும் கணினிகளுக்கான நிபந்தனைகளில், கூடுதல் மென்பொருள் இல்லாத சுத்தமான இயங்குதளம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் மாநில அரசுகளுக்கும் அதையே எழுதுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, அடுத்த டெண்டரிலேயே செய்யலாம். மசோதாவின் அடுத்த வரைவைத் தமிழிலும் வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். டீச்சரும் அந்த மாணவியும் தங்கள் அனுபவத்தை உங்களுக்கு நேராகவே எழுத முடிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
கும்பகோணம்